விடிய விடிய கத்தும் குட்டிநாய்

நேயர்களுக்கு வணக்கம்.

விருதுநகர் மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். ஆடு, மாடு, கோழி பற்றிய போன் எல்லாம் பெரும்பாலும் பகலில் வந்துவிடும். இரவு 11 மணிக்கு மேல் மணி அடித்தால், ஒன்று கன்று போட முடியாமல் தவிக்கும் பசுவாக இருக்கும், இல்லையென்றால் புதிதாக வாங்கிய நாய்க்குட்டியாக இருக்கும். "டாக்டரம்மா, பகல் பூரா நல்லாத்தான் விளையாடுச்சு. இப்ப ஒரே கத்தல். வயித்துவலியா இருக்குமோ?" என்பார்கள். எங்கே படுக்க வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். கார் ஷெட்டில், மாடிப்படிக்கு அடியில், இல்லையென்றால் பின்வாசலில் கழுத்தில் கயிறோடு. அநேகமாக மருந்தே வேண்டியிருக்காது, இடத்தை மாற்றினால் போதும்.

பிறந்த முதல் 2 வாரம் நாய்க்குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள முடியாது. கண் திறக்கவே 10 முதல் 14 நாள் ஆகும், காது கேட்க இன்னும் கொஞ்ச நாள். அதுவரை அதற்குத் தெரிந்ததெல்லாம் தாயின் மடியும் கூடப் பிறந்த குட்டிகளின் உடம்புச் சூடும்தான். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியலாகத் தூங்கும். குவியலை விட்டு உருண்டு வெளியே போன குட்டி கத்தும், தாய் வரும், நக்கிக் கொடுக்கும், ஒட்டிப் படுக்கும். உங்கள் கார் ஷெட்டில் கேட்பதும் அதே குரல்தான். அடம் பிடிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தனியாகப் படுப்பது என்றால் என்னவென்றே அதற்கு நேற்றுவரை தெரியாது.

"கத்தட்டும் விடுங்க, ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. அடங்கும்தான், கத்திக் கத்திக் களைத்துப்போய் அடங்கும். அதைப் பழகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அப்படி விடப்பட்ட குட்டிகளில் சில, பெரிதான பிறகும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாலே கதவைப் பிறாண்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன்.

என் யோசனை எளிது. முதல் ஒன்றிரண்டு வாரம் குட்டி உங்கள் கை எட்டும் தூரத்தில் தூங்கட்டும். இந்த விஷயத்தில் பாய் விரித்துத் தரையில் படுக்கும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். டிவி வந்த அட்டைப்பெட்டியோ, பழக்கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரேட்டோ போதும். உள்ளே பழைய பருத்திச் சேலையை மடித்துப் போடுங்கள். பாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். முனகினால் கையை உள்ளே விட்டு அதன் மேல் வைத்தபடி படுத்திருங்கள். பேச வேண்டாம், கொஞ்ச வேண்டாம், தூக்க வேண்டாம். ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், தூங்கிவிடும். கட்டிலில் படுப்பவர்கள் பெட்டியை ஒரு ஸ்டூலில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டிச் சுவர் உயரமாக இருக்கட்டும், குதித்துக் காலை உடைத்துக்கொள்ளும்.

ராஜபாளையம் குட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இந்த வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. நீங்கள் "ஷ்ஷ்" என்றாலும், பாட்டே பாடினாலும் அதற்குத் தெரியாது. அந்தக் குட்டிக்குக் கை ஸ்பரிசம்தான் பாஷை. தூங்கும்போது திடீரென்று தொட்டால் மிரளும், முதலில் துணியை லேசாக அசைத்துவிட்டுத் தொடுங்கள்.

"நாய் நடுவீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று சொல்லும் பாட்டி இருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். சரி, திண்ணையிலோ வராந்தாவிலோ பெட்டியை வையுங்கள், கூடவே வீட்டில் ஒருவர் பாய் போட்டுப் படுங்கள். அதே பாட்டிதான் நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது என்றும் சொல்வார். நடுராத்திரி ஊளை 2 நாள் கேட்டால், குட்டியை உள்ளே கொண்டுவா என்று அவரே சொல்லிவிடுவார்.

குளிரைக் கவனியுங்கள். கார்த்திகை, மார்கழியில் தெருவில் பிறந்த குட்டியைப் பாவம் பார்த்துத் தூக்கி வருபவர்கள் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி மெல்லிய முடி உள்ள குட்டிகளுக்கும் குளிர் சீக்கிரம் தாக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே பெட்டி வேண்டாம். பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, தடிமனான துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரமாக வைக்கலாம். ஒரு ஓரமாக மட்டும்தான், சூடு அதிகமானால் குட்டி விலகிப் போக இடம் வேண்டும். சித்திரை வெயிலில் இது எதுவும் தேவையில்லை, அப்போது வெறும் தரையில்தான் படுப்பேன் என்று அதுவே அடம் பிடிக்கும். விட்டுவிடுங்கள்.

இனி சிறுநீர் சமாசாரம். உண்மையில் ராத்திரிக் கத்தல் பலவற்றுக்கு இதுதான் காரணம். 2 மாதக் குட்டியால் 2, 3 மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. படுத்த உடனே கத்தினால் துணை தேடுகிறது என்று அர்த்தம். நன்றாகத் தூங்கி எழுந்து, சுற்றிச் சுற்றி முகர்ந்துவிட்டுக் கத்தினால் வெளியே போக வேண்டும் என்று அர்த்தம். அப்போது உடனே எழுந்திருங்கள். பெரிய விளக்கைப் போடாமல், தூக்கிக்கொண்டு போய், தினமும் ஒரே இடத்தில் இறக்கிவிடுங்கள். போனதும் மெல்ல ஒரு தட்டு, மறுபடியும் பெட்டி. அந்த நேரத்தில் பந்து உருட்டி விளையாட்டுக் காட்டினால், நாளைக்கும் 2 மணிக்கு விளையாடக் கூப்பிடும்.

எங்கே இறக்கிவிடுவது? தெருவில் வேண்டாம். தடுப்பூசி முடியாத குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் எமன். பாதித்த நாயின் மலம் பட்ட மண்ணில் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் ஊசியை 16 வாரம் வரை விட்டுவிட்டுப் போட்டு முடித்த பிறகுதான் தெருவெல்லாம். அதுவரை உங்கள் கொல்லையோ மொட்டைமாடியோ போதும். அடுக்குமாடி வீடு என்றால் பால்கனியில் ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பில் மணல் கொட்டி வையுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாமல் துடையுங்கள். பினாயில் வேண்டாம், காலில் ஒட்டுவதைக் குட்டி நக்கிவிடும். சோப்புத் தண்ணீரே போதும்.

இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் தண்ணீர் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாவம், பசிக்கிறது போல என்று நடுராத்திரி ஒரு டம்ளர் பசும்பால் ஊற்றுகிறார்கள். பல குட்டிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போகும், அப்புறம் யாருக்கும் தூக்கம் கிடையாது. இதைவிட மோசம், தூங்கட்டும் என்று வீட்டில் இருக்கும் இருமல் மருந்தையோ சளி மாத்திரையையோ கொடுப்பது. தயவுசெய்து வேண்டாம். மனிதர் மருந்தில் ஒரு சிறு அளவு போதும், 2 கிலோ குட்டியின் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

சாப்பாட்டைத் தொடவே இல்லை, வாந்தி, மலத்தில் ரத்தம், வயிறு மட்டும் பானை போல உப்பியிருக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, இதில் எது இருந்தாலும் நான் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வயிறு உப்பிய குட்டிக்குப் பெரும்பாலும் குடற்புழு, மருந்து கொடுத்தால் சரியாகும்.

"காவலுக்குத்தானே வாங்கினோம், உள்ளே படுக்க வைத்தால் கெட்டுப்போகாதா?" என்பார்கள். 2 மாதக் குட்டி எதைக் காவல் காக்கும்? ராத்திரி தொடர்ந்து தூங்க ஆரம்பித்ததும் பெட்டியைப் பாயிலிருந்து கதவோரம், அங்கிருந்து கூடம், அப்புறம் வராந்தா என்று சில நாளைக்கு ஒருமுறை தள்ளிக்கொண்டே போங்கள். மறுபடியும் கத்தினால் ஒரு இடம் பின்னால் வாருங்கள். 4 மாதம் ஆகும்போது பெரும்பாலான குட்டிகள் வராந்தாவில் ஒரு ராத்திரியைக் கழித்துவிடும். வேற்று ஆளைப் பார்த்துக் குரைப்பது வளர வளரத் தானாக வரும்.

இன்னும் குட்டி வாங்காதவர்களுக்கு. 30 நாள் குட்டி, 35 நாள் குட்டி என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது. பேசி முடித்ததும் ஒரு பழைய கைலியைக் கொடுத்து, தாய் படுக்கும் இடத்தில் சில நாள் போட்டுவைக்கச் சொல்லுங்கள். துவைக்காமல் அதைக் குட்டியோடு வாங்கி வந்து பெட்டியில் போடுங்கள், தாயின் வாசனை அதில் இருக்கும். நல்ல நேரம் பார்ப்பவர்கள் காலை நேரமாகப் பாருங்கள். சாயங்காலம் வந்த குட்டிக்கு வீடு எது, ஆள் யார் என்று தெரிவதற்குள் இருட்டிவிடுகிறது. சனிக்கிழமைக் காலை என்றால் இன்னும் நல்லது, மறுநாள் நீங்களும் கொஞ்சம் தூங்கிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.