முதலில் கால் நகரட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டும் உடற்பயிற்சியும் மனதுக்கு நல்லது என்பது இந்த அரங்கில் யாருக்கும் புதுச் செய்தியாக இருக்காது. ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது வேறொரு விஷயம். மனம் சோர்ந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, "இப்படியே உட்கார்ந்திருந்தா எப்படி? கொஞ்ச தூரம் நடந்துட்டு வா, எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். சொல்வதில் பொய்யும் இல்லை. இருந்தும் அவர் எழுந்திருப்பதில்லை. நமக்குக் கோபம் வருகிறது, அவருக்குக் குற்ற உணர்ச்சி கூடுகிறது. ஏன் இப்படி ஆகிறது, இதை வேறு எப்படிச் செய்யலாம் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

சொல்வதில் பொய் இல்லை என்றேன். அதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் என்பவரின் குழு செய்த ஆய்வு 1999-ல் வெளியானது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன, மனச்சோர்வு நோய் உள்ள 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, இன்னொன்றுக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் மாத்திரை, மூன்றாவதற்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுக்களிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பலன் சற்று சீக்கிரம் தெரிந்தது, அவ்வளவுதான். 2024-ல் இதுபோன்ற 218 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். 14,000 பேருக்கு மேல் அதில் அடக்கம். நடை, மெது ஓட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி ஆகியவை நல்ல பலன் தந்தவற்றில் முன்னால் நின்றன.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவரைக் கேட்டுத்தான். அதோடு, டியூக் ஆய்வில் நான் பெரிதாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. அங்கே யாரையும் "நீங்களே போய் நடங்கள்" என்று அனுப்பிவிடவில்லை. வாரம் மூன்று நாள், குறித்த நேரத்தில், குழுவாக, ஒருவர் கூட இருந்து பார்த்துக்கொள்ள, பயிற்சி நடந்தது. செய்தித்தாளில் 'மாத்திரைக்குச் சமம் நடைப்பயிற்சி' என்று தலைப்பு வரும்போது இந்த விவரம் காணாமல் போய்விடுகிறது.

உடல் அசைந்தால் மனம் ஏன் லேசாகிறது? வலியைக் குறைக்க உடலே தயாரிக்கும் பொருளைச் சொல்லி, "எண்டார்பின் சுரக்கிறது" என்று எல்லோரும் சொல்வோம். விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. இரத்தத்தில் கலக்கும் எண்டார்பின், மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பைச் சுலபத்தில் தாண்டுவதில்லை. 2021-ல் ஜெர்மனியில் ஓட்டப் பழக்கம் உள்ளவர்களுக்கு, எண்டார்பின் வேலை செய்யும் வழியையே அடைக்கும் மருந்தைக் கொடுத்து ஓடவைத்துப் பார்த்தார்கள். ஓடியபின் வரும் அந்த உற்சாகம் அப்படியும் வந்தது. உடலே தயாரிக்கும் எண்டோகன்னாபினாய்டு என்ற வேறு வகைப் பொருட்கள் இதில் பெரிய பங்கு வகிப்பதாக இப்போது கருதுகிறார்கள். நீண்ட காலத்தில் மூளையின் அமைப்பிலேயே மாற்றம் தெரிகிறது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் முதியவர்கள் 120 பேர் கலந்துகொண்டார்கள். வாரம் மூன்று நாள் நடந்தவர்களுக்கு, நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி ஓராண்டில் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. வெறுமனே கைகாலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. தூக்கம் சீராவது தனிக் கதை. சரியாகத் தூங்காதவருக்கு மனம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் வேதியியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, விளையாடும்போது கவனத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான். ஷட்டில் ஆடுபவரைக் கூர்ந்து பாருங்கள். எதிராளியின் மணிக்கட்டு திரும்புகிறது. இறகுப்பந்து வலையை ஒட்டி விழப் போகிறதா, தலைக்கு மேல் பின்னால் போகப் போகிறதா என்று அந்த நொடிக்குள் தீர்மானித்தாக வேண்டும். கால் ஏற்கெனவே கிளம்பியிருக்கும். அந்த நேரத்தில் "நான் அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்ற நினைப்புக்கு உள்ளே நுழைய இடமே கிடைக்காது. மனச்சோர்விலும் பதற்றத்திலும் ஆளை அரிப்பது ஒரே எண்ணம் திரும்பத் திரும்பச் சுற்றுவதுதான். "அதையே நினைக்காதே" என்று சொன்னால் அது நிற்காது. வேறொன்றில் முழுக் கவனமும் போனால் சிறிது நேரம் நிற்கும். அரை மணி நேரம் அப்படிக் கிடைத்தால், அந்த எண்ணம் இல்லாமலும் தன்னால் இருக்க முடியும் என்று அவருக்கே தெரிகிறது. அது சின்ன விஷயமில்லை.

திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, வேர்த்துக் கொட்டி, "செத்துப் போகப் போறேன்" என்ற பயம் கவ்விக்கொள்ளும் பேனிக் அட்டாக் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வந்தவர்களுக்கு அப்புறம் தன் இதயத் துடிப்பே பயமாகிவிடும். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அதனால் படி ஏற மாட்டார்கள். வேகமாக நடக்க மாட்டார்கள். இவர்களுக்கு உடற்பயிற்சி தரும் பாடம் வேறு எதிலும் கிடைக்காது. முதலில் மருத்துவரிடம் காட்டி, இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு, கூட ஒருவர் நிற்க, ஒரு மாடி ஏறுகிறார். அதே படபடப்பு, அதே வேர்வை, அதே மூச்சு வாங்கல். மேலே போய் நிற்கிறார். இரண்டு மூன்று நிமிடத்தில் துடிப்பு தானாக இறங்குகிறது. எதுவும் ஆகவில்லை. நாளை மறுபடியும். இப்படிப் பல நாள் நடந்தால், நெஞ்சு வேகமாக அடிப்பது ஆபத்துக்கு அறிகுறி என்ற எண்ணம் தளர்கிறது. மனநல சிகிச்சையில் இதைத் திட்டமிட்டே செய்ய வைக்கிறார்கள்.

சரி, இவ்வளவு நன்மை இருந்தும் ஏன் அவர் எழுந்திருப்பதில்லை? மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்வது விருப்பத்தை. பிடித்த விளையாட்டுகூடப் பிடிக்காமல் போகும். கை கால் கனக்கும். தூங்கி எழுந்தாலும் களைப்பு போகாது. எதற்கு விருப்பமும் தெம்பும் வேண்டுமோ, அந்த இரண்டையும் எடுத்துவிட்ட நோயிடம் மாட்டிக்கொண்டவரைப் பார்த்து "போய் ஓடு" என்பது, கால் உடைந்தவரிடம் நடந்து போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வா என்பதைப் போன்றது. அவர் சோம்பேறி இல்லை. இதை மட்டும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனாலே எனக்குப் போதும்.

"மனசு சரியானதும் நடக்கிறேன்" என்று அவர் சொல்வார். அது அவருக்கு நியாயமாகவே படும். ஆனால் மனச்சோர்வு சிகிச்சையில் நன்றாக வேலை செய்யும் ஒரு முறை இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. மனம் வரும்வரை காத்திருக்காமல் சின்னதாக ஒரு செயலைச் செய்வது, மனம் பின்னால் வரட்டும் என்று விடுவது. இங்கே அளவுதான் உயிர். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும். ஊருக்கே பொதுவாகச் சொல்ல அது நல்ல அளவு. படுக்கையை விட்டு எழவே முடியாதவருக்கு அது எட்டாத மலை. அதே வழிகாட்டுதல், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்றும் சொல்கிறது. அந்த வரியை நாம் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நார்வேயில் கிட்டத்தட்ட 34,000 பேரை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், எல்லோரும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது உடற்பயிற்சி செய்திருந்தால் பின்னாளில் வந்த மனச்சோர்வில் 12 சதவீதம் வராமலே போயிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். எவ்வளவு வேகமாகச் செய்தார்கள் என்பது பெரிய வித்தியாசம் காட்டவில்லை.

ஆகவே உங்கள் அண்ணன் மூலையில் உட்கார்ந்திருந்தால், அறிவுரை சொல்லாதீர்கள். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். "அண்ணா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம், வா. பேச வேண்டாம், சும்மா கூட வா." தெருமுனை போதும். திரும்பி வந்ததும் "பாத்தியா, நல்லா இருக்குல்ல?" என்று கேட்காதீர்கள். நல்லா இல்லாமல் இருந்திருக்கலாம். நாளையும் அதே நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். வர மறுத்தால் கோபப்படாமல் மறுநாள் மறுபடி கூப்பிடுங்கள். கைக்கடிகாரத்தில் எத்தனை அடி நடந்தோம் என்று காட்டாதீர்கள். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு அவரிடம் இருந்தால், நடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போங்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். நாள் முழுக்க உடலுழைப்பு செய்கிறவர்களுக்கு மனச்சோர்வே வரக் கூடாதே? வருகிறது. தானாக விரும்பி, ஓய்வு நேரத்தில் செய்யும் அசைவோடுதான் நல்ல மனநலம் சேர்ந்து காணப்படுகிறது. பிழைப்புக்காகச் செய்யும் உடலுழைப்பில் அந்தத் தொடர்பு அப்படித் தெரிவதில்லை. எப்போது நிறுத்தலாம் என்பது தன் கையில் இல்லாத, மேலே ஒருவர் அதட்டிக்கொண்டிருக்கிற வேலையில் உடல் அசைந்தாலும் மனம் இளைப்பாறுவதில்லை. அதனால் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவரிடம் உடற்பயிற்சியின் பெருமையைப் பேசாதீர்கள். அவருக்கு முதலில் வேண்டியது ஓய்வு. அப்புறம் அவருக்குப் பிடித்த ஆட்டம்.

இதே காரணத்தால்தான் விளையாட்டு சில சமயம் மனதைக் காயப்படுத்தவும் செய்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ல், அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் குழு இறுதிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். காற்றில் சுழலும்போது உடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற உணர்வே தப்பிப் போயிருந்தது. தலைகீழாக விழுந்தால் கழுத்து போய்விடும். மனநலத்தைக் காரணம் சொல்லி விலகியவரைக் கோழை என்று திட்டியவர்கள் உண்டு. அவர் சிகிச்சை எடுத்தார், ஓய்வெடுத்தார், 2024-ல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். தங்கம் வெல்லாமல் போயிருந்தாலும் அவர் அன்று விலகியது சரிதான் என்பது என் கருத்து. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2019-ல் வீரர்களின் மனநலம் பற்றித் தனியாக ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது என்றால், உடல் வலுவாக இருந்தால் மனம் தானாக வலுவாகிவிடும் என்ற பேச்சை நாம் விட்டுவிட வேண்டும்.

பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு சிலவற்றைக் கேட்கிறேன். தாமதமாக வந்த பிள்ளையைத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடாதீர்கள். ஓடுவது தண்டனை என்று பத்து வயதில் கற்றுக்கொண்ட உடம்பு நாற்பது வயதிலும் அதை மறப்பதில்லை. இரண்டு கேப்டன்களை நிறுத்தி, அணிக்கு ஆள் பிரிக்கச் சொல்லாதீர்கள். கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நிற்கிற அந்தப் பிள்ளை காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, தனக்கு விளையாடவே பிடிக்காது என்று முடிவு செய்துகொண்டிருக்கும். நீங்களே பிரித்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை. தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்பைக் கேட்டு யார் வந்தாலும் கொடுக்காதீர்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும் அந்த வாரங்களில்தான் அது அவர்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வராமல் போனால், அணிக்கு ஆள் குறைகிறதே என்று பார்க்கும் முன்னால், வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். அம்மா அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்பே பயிற்சியாளர் கண்ணில் படும் மாற்றங்கள் நிறைய.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று. ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், உட்காரவிடுங்கள். சொல்ல வேண்டியது இருந்தால் அதுவே சொல்லும்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி நீங்கள் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.