வண்டி நிற்கும் இடத்தில் மின்சாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் மின்சார வண்டி வாங்க யோசிப்பவர்கள் இப்போதெல்லாம் வண்டியைப் பற்றி அதிகம் விசாரிப்பதில்லை. "சார்ஜ் எங்கே போடுவது?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதில் தேடப் போனால் நம் மனம் நேராகப் பெட்ரோல் பங்கில் போய் நிற்கிறது. மூலைக்கு மூலை பங்க் இருப்பதுபோல மூலைக்கு மூலை சார்ஜிங் நிலையம் வேண்டும் என்று நினைக்கிறோம். மத்திய மின் அமைச்சகமும் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நகரத்தை மூன்று கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு நிலையமாவது வேண்டும் என்றது. அதில் தப்பில்லை. ஆனால் நகரத்துக்குள் ஓடும் வண்டிகளுக்கு அது இரண்டாவது தேவை.

ஒரு ஸ்கூட்டரின் பேட்டரி ஏறக்குறைய மூன்று யூனிட் பிடிக்கும். சாதாரண பிளக்கில் மாட்டினால் நாலைந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். கார் என்றால் இருபத்தைந்திலிருந்து நாற்பது யூனிட், ஏ.சி.க்குப் போடும் பதினாறு ஆம்ப் பிளக்கே போதும், ஆனால் ராத்திரி முழுக்க ஆகும். ஆகட்டுமே! வண்டி எப்படியும் ராத்திரி முழுக்கச் சும்மாதானே நிற்கிறது? அது நிற்கிற இடத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவதுதான் முதல் வேலை என்பது என் கட்சி.

இதில் பெரிய சிக்கல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கிறது. மயிலாப்பூரிலோ மேற்கு மாம்பலத்திலோ முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய ஒரு குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு மரப்பலகை. அதில் வரிசையாகப் பன்னிரண்டு மீட்டர்கள். உங்கள் கார் நிற்பதோ கட்டடத்தின் பின்பக்கம். உங்கள் மீட்டரிலிருந்து அங்கே கம்பி இழுக்க வேண்டுமென்றால், நாலு பேருடைய பார்க்கிங்குக்கு மேலே போக வேண்டும். அசோசியேஷன் கூட்டத்தில் ஒருவர் "தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்பார். இன்னொருவர் "பொது மீட்டரில் போட்டால் நான் ஏன் காசு கொடுக்கணும்?" என்பார். இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். முதலாவதற்குச் சரியான தடிமனில் கம்பி, எர்த், கசிவைக் கண்டால் விழுந்துவிடும் பிரேக்கர், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுவதைத்தான் நிஜமாகவே தடுக்க வேண்டும். இரண்டாவதற்கு ஆளுக்கொரு சப்-மீட்டர் வைக்கலாம். மின்வாகன சார்ஜிங்குக்கென்று மின்வாரியத்தில் தனிக் கட்டணப் பிரிவே இருக்கிறது. அதில் தனி இணைப்பு வாங்கியும் பிரித்துக்கொள்ளலாம்.

வீட்டு மீட்டரிலேயே போட்டுக்கொள்கிறவர்கள் ஒன்றைக் கணக்குப் பார்க்க வேண்டும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் காருக்கு நூற்று நாற்பது யூனிட் ஆகும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத பில்லில் இருநூற்று எண்பது கூடும். இதுவரை முந்நூற்றைம்பதில் நின்ற வீடு அறுநூறைத் தாண்டும். 500 யூனிட்டுக்கு மேல் போனால் கட்டணப் பட்டியலே மாறிவிடும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அப்போதும் பெட்ரோலைவிட மலிவு; ஆனால் விற்பனையாளர் சொல்கிற அளவுக்கு மலிவு இல்லை.

புதுக் கட்டடங்களுக்கு இந்தப் பாடு இல்லை. 2019-இல் மத்திய அரசு தன் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, பார்க்கிங்கில் இருபது சதவீதத்துக்கு சார்ஜிங் வசதி இருக்க வேண்டும் என்றது. கட்டும்போதே சுவருக்குள் ஒரு குழாயைப் புதைத்துவிட்டால் செலவு அற்பம்.

சரி, எல்லோரும் ராத்திரி பத்து மணிக்கு பிளக்கை மாட்டினால் தெரு டிரான்ஸ்பார்மர் தாங்குமா? ஸ்கூட்டர்கள் பிரச்சினையே இல்லை. ஐம்பது ஸ்கூட்டர் சேர்ந்தாலும் நாற்பது கிலோவாட்டைத் தாண்டாது. ஏழு கிலோவாட் சார்ஜரோடு இருபது கார் என்றால் நூற்று நாற்பது. மே மாதத்தில், தெருவில் எல்லா வீட்டு ஏ.சி.யும் ஓடும்போது, 250 கே.வி.ஏ. (ஏறக்குறைய அத்தனை கிலோவாட்) தாங்கும் டிரான்ஸ்பார்மரில் இதையும் ஏற்றினால் ஃபியூஸ் போகத்தான் போகும். பெரும்பாலான கார்களிலேயே நேரம் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. ஒரு மணிக்கு மேல் தொடங்கும்படி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். அப்படி வைப்பவருக்குக் கட்டணத்தில் ஏதாவது சலுகை கொடுத்தால்தான் வைப்பார்கள். சும்மா வேண்டுகோள் விடுத்தால் நடக்காது.

வீட்டில் பார்க்கிங்கே இல்லாதவர்கள்? வட சென்னையில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு உணவு டெலிவரி ஓட்டும் பையன் வண்டியைத் தெருவில்தான் நிறுத்துகிறான். லண்டனில் 2020-இல் சதர்லேண்ட் அவென்யூ என்ற தெருவில் 24 விளக்குக் கம்பங்களில் சார்ஜிங் வசதி வைத்தார்கள். இங்கே அதை அப்படியே செய்ய முடியாது. நம் தெருவிளக்குகளை மாலையில் பொதுச் சுவிட்சில் போட்டு, காலையில் அணைத்துவிடுகிறோம். பகலில் கம்பியிலேயே மின்சாரம் இருக்காது. ஆனால் தெருமுனை மளிகைக் கடைக்காரர் இரண்டு பிளக் வைத்து மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாம். சார்ஜிங் நிலையம் நடத்துவது மின்சார விற்பனை ஆகாது, அதற்கு உரிமம் தேவையில்லை என்று 2018 ஏப்ரலிலேயே மின் அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. டெல்லி 2020-இல் ஒரு கொள்கை கொண்டுவந்து, முதல் 30,000 சார்ஜிங் பாயிண்டுகளுக்குத் தலா 6,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. அந்தப் பணத்தில் பிரம்மாண்டமான நிலையங்களைக் கட்ட முடியாது, இப்படிப்பட்ட சின்னச் சின்ன பாயிண்டுகளைத்தான் வைக்க முடியும். எனக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது.

வேகமான டி.சி. சார்ஜர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்சிக்காரருக்கும் வெளியூர் போகிறவருக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் நான் பார்த்தது: இரண்டு சார்ஜர்கள். ஒன்றின் முன்னால் பெட்ரோல் கார் நிற்கிறது. இன்னொன்றின் திரை பளிச்சென்று எரிகிறது, ஆனால் கன்னை, அதாவது வண்டியில் செருகும் பிடியை, மாட்டினால் 'பிழை' என்று காட்டுகிறது. செயலியைத் திறந்தால் "கிடைக்கிறது" என்று பச்சை விளக்கு! காவலரிடம் கேட்டால், "போன வாரமே சொல்லிட்டோம் சார்" என்றார். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம். மானியத்தை சார்ஜர் நிறுவியதற்குக் கொடுக்காமல், மாதத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்தது என்று பார்த்துக் கொடுத்தால் இந்த நிலை மாறும்.

அவசரப்பட்டுப் போட்டதும் ஒரு பாடுதான். ஆரம்ப நாட்களில் பல இடங்களில் 'பாரத் டி.சி. 001' என்ற பதினைந்து கிலோவாட் சார்ஜர்களை வைத்தார்கள். பிறகு வந்த கார்கள் பெரும்பாலும் சி.சி.எஸ்.-2 என்ற வேறு வகைக் கன்னுக்கு மாறிவிட்டன; பழைய சார்ஜர்கள் அவற்றுக்குப் பொருந்துவதில்லை. ஸ்கூட்டர்களுக்கான வேகமான சார்ஜரில் இன்னும் கம்பெனிக்கு ஒரு பிளக். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் பொதுவான இணைப்பி ஒன்றுக்குத் தரம் வகுத்தது. எல்லோரும் அதற்கு வந்துசேரவில்லை.

மாநகரப் பேருந்துகளின் கதை எளிது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. எல்லா வண்டியும் ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதால் உயர் அழுத்த இணைப்பு ஒன்றை அங்கேயே கொடுத்துவிடலாம்.

கடைசியாக, பகல் நேரம். தமிழ்நாட்டில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைப்பது நண்பகலில். அந்த நேரத்தில் தாம்பரம், ஆலந்தூர், கோயம்பேடு போன்ற ரயில், மெட்ரோ நிலைய வாகன நிறுத்தங்களில் ஆயிரக்கணக்கான ஸ்கூட்டர்கள் காலையிலிருந்து மாலை வரை வெயிலில் காய்கின்றன. அங்கே வேகமான சார்ஜர் எதற்கு? மேலே ஒரு கூரை, வரிசையாகச் சாதாரண பிளக்குகள், டிக்கெட் கொடுக்கிற இடத்திலேயே கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கிக்கொள்ள ஏற்பாடு. பிளக்குகளை 2023 டிசம்பர் வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே வைத்தால் சரி. அடுத்த முறை பார்க்கிங் குத்தகை விடும்போது, நூறு வண்டிக்கு இத்தனை பிளக் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். புதுச் சட்டமோ புது நிலமோ எதுவும் தேவையில்லை.

நன்றி, வணக்கம்.