வியாசர்பாடி மழைநீர் முதல் எண்ணூர்க் கண்டல் வரை: ஒரு தாவரவியல் பேராசிரியரின் வாழ்க்கை

[காட்சி: தொலைவில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், முன்னால் சேற்றில் நிற்கும் பச்சை மரங்கள்]

வணக்கம். வடசென்னையைக் காட்டச் சொன்னால் எல்லோரும் துறைமுகத்தையும் புகைபோக்கியையும் காட்டுவார்கள். இந்த வீடியோவில் செடிகளைக் காட்டப்போகிறேன். அவற்றை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என் அப்பா. இங்குள்ள அரசுக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

[காட்சி: மழைக்குப் பிந்தைய வியாசர்பாடித் தெரு, ஓரத்தில் பச்சை படிந்த நீர்]

மழை விட்டதும் தெருவோரம் நீர் தேங்கும். சில நாட்களில் அதில் கரும்பச்சைப் படலம் படரும். அப்பா ஹார்லிக்ஸ் பாட்டிலில் அதை எடுத்து வந்து நுண்ணோக்கியில் வைத்துக் காட்டுவார். ஆசிலட்டோரியா என்ற நீலப்பச்சைப் பாசி. மெல்லிய இழைகள், அவை மெதுவாக அசைந்துகொண்டே இருக்கும். சாக்கடை கலந்த நீரிலும் வளரக்கூடிய உயிர் அது.

தேங்கிய நீரையும் ஈர மண்ணையும் உற்றுப் பார்ப்பது சென்னைத் தாவரவியலில் ஒரு மரபு. அதைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவர் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963). இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரை அழைப்பார்கள். 1932இல் அவர் ஃபிரிட்சியெல்லா என்ற பாசியை உலகுக்கு விவரித்தார். லண்டனில் தமக்கு ஆசிரியராக இருந்த ஃபிரிட்சின் பெயரைச் சூட்டினார். அந்தப் பாசியின் உடலில் ஒரு பகுதி மண்ணுக்குள் இருக்கும், இன்னொரு பகுதி மேலே இழைகளாக எழும். நீரில் வாழ்ந்த தாவரங்கள் நிலத்துக்கு எப்படி ஏறியிருக்கும் என்று ஆராய்பவர்கள் இன்றும் இதை எடுத்துப் பேசுகிறார்கள். பி.எஸ்சி. தாவரவியல் படித்த பலரும் இதன் படத்தைத் தேர்வுக்காக வரைந்திருப்பீர்கள்.

[காட்சி: வீட்டு வாசலில் முளைத்த குப்பைமேனி]

எங்கள் ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. கண்பார்வை மங்கிய பிறகு அவருக்குச் சோறு ஊட்டுவதை அப்பா வேறு யாரிடமும் விட்டதில்லை. ஊட்டி முடித்ததும், வழியில் பறித்து வந்த இலைகளை ஒவ்வொன்றாக ஆயாவின் கையில் வைப்பார். ஆயா கசக்கி முகர்ந்து பெயர் சொல்வார்: நொச்சி, துளசி, குப்பைமேனி. எது எதற்கு மருந்து என்பதையும் சொல்வார். அப்பா அதை நோட்டில் எழுதி, பக்கத்தில் அறிவியல் பெயரைச் சேர்ப்பார். குப்பைமேனிக்கு அக்காலிஃபா இண்டிகா. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் தெருப்பூனைகள் தேடி வந்து அதன்மேல் புரளும். இதையும் ஆயாதான் முதலில் சொன்னார். பிறகு நாங்கள் பிடுங்கிப் போட்டுப் பார்த்தோம். வந்தன.

[காட்சி: ஹெர்பேரியம் தாள், தண்டின் குறுக்கே நூல் தையல்]

இனி ஹெர்பேரியம், அதாவது செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் தொகுப்பு. பூவும் இலையும் உள்ள கிளையைச் செய்தித்தாள்களுக்கு நடுவே விரித்து, மேலே பாரம் வைக்க வேண்டும். தாள் ஈரத்தை உறிஞ்சும். ஈரமான தாளை அவ்வப்போது மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது தாள்களை இஸ்திரி போட்டுச் சூடாக்கித் தருவது எங்கள் வேலை. உலர்ந்த கிளையைத் தடித்த தாளில் ஒட்டுவார்கள். தண்டு தடிமனாக இருந்தால் ஒட்டு மட்டும் போதாது, தைக்க வேண்டும். அந்தத் தையல் எல்லாமே அம்மாவுடையது. வலது கீழ்மூலையில் விவரச் சீட்டு: பெயர், இடம், தேதி, சேகரித்தவர். பூவின் நிறத்தையும் பறித்த இடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த பிறகு பெரும்பாலும் நிறம் தெரியாது.

[காட்சி: எண்ணூர் முகத்துவாரம், படகிலிருந்து]

கொசஸ்தலையாறு கடலைச் சேரும் இடம் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை இங்கே அழைத்து வருவார். இந்த மரம் வெண்கண்டல், உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி வகை. அறிவியல் பெயர் அவிசென்னியா மரீனா. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிற்பவை இதன் மூச்சுவேர்கள். நீர் ஊறிய சேற்றில் ஆக்சிஜன் கிடைக்காது. அதனால் வேர் மேல்நோக்கி வளர்ந்து, தோலிலுள்ள சிறு துளைகள் வழியாகக் காற்றை வாங்குகிறது. உப்பில் பெரும்பகுதியை வேரே தடுத்துவிடும். மீறி உள்ளே வந்ததை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளும். வெயில் ஏறிய நேரத்தில் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். அப்பா எங்களை நக்கச் சொல்லித்தான் பாடம் நடத்தினார். விதை மரத்தில் இருக்கும்போதே கருச்செடி வளரத் தொடங்கிவிடும். உதிர்ந்து மிதந்து போய், சேறு தட்டிய இடத்தில் விரைவாக வேர்விடும்.

[காட்சி: கறை படிந்த மூச்சுவேர்கள், அருகில்]

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவு இந்த முகத்துவாரத்துக்குள் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. இதை மரத்தின் பக்கமிருந்தும் பாருங்கள்: மூச்சுவேரில் எண்ணெய் படிந்தால் அந்தத் துளைகள் அடைபடுகின்றன, சேற்றுக்குள் இருக்கும் வேருக்குக் காற்று போவதில்லை. அந்த அழிவு உடனே கண்ணுக்குத் தெரியாது. இலை உதிர்வதைப் பார்க்க மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டும். அப்பா வந்தார். முழங்கால் வலியோடு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறி, ஒரே மரங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறித்துவைத்தார். இப்படிப் பொறுமையாகக் குறித்துவைப்பவர்கள் இந்தப் பகுதிக்கு இன்னும் நிறையப் பேர் வேண்டும். அருகிலுள்ள கல்லூரி மாணவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

[காட்சி: தாள்கள் அடுக்கிய அலமாரி]

வீட்டிலிருந்த தாள்களை அண்மையில் அப்பா கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, சேகரித்தவர் என்ற இடத்துக்குக் கீழே 'தைத்தவர்' என்று ஒரு வரி சேர்த்து அம்மாவின் பெயரை எழுதினார். அந்த அலமாரி தாவரவியல் துறையில் இருக்கிறது. மாணவர்கள் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.