பால் மாதிரி இருக்கும் அந்த மயக்க ஊசி

(திரையில்: சிரிஞ்சில் வெள்ளைத் திரவம்)

ஆபரேஷன் தியேட்டரில் படுக்க வைத்து, கையில் குத்தி வைத்திருக்கும் வென்ஃப்ளான் என்ற சின்ன பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பால் மாதிரி ஒரு மருந்தைச் செலுத்துவார்கள், "கொஞ்சம் எரியும்" என்று ஒரு குரல் கேட்கும், அதற்கு மேல் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அந்த மருந்தின் பெயர் புரோபோஃபால். நரம்பு ஊசி என்று பேச்சில் சொல்கிறோம், ஆனால் இது போவது சிரைக்குள், அதாவது இதயத்துக்குத் திரும்பும் ரத்தக் குழாய்க்குள். 30, 40 விநாடியில் தூக்கம் வந்துவிடும். ஒரு தடவை போட்டால் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் விழிப்பும் வந்துவிடும், அதனால் ஆபரேஷன் முடியும்வரை தொடர்ந்து ஏதாவது ஒரு மயக்க மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"மயக்க ஊசி ஒத்துக்காமப் போயிட்டா?" பல வீடுகளில் ஆபரேஷனைவிட இந்தக் கேள்விக்குத்தான் பயம் அதிகம். கேட்பது நியாயமான கேள்வி. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் அந்த வெள்ளை நிறம். புரோபோஃபால் தண்ணீரில் கரையாது. 1977-இல் மனிதர்களுக்கு முதலில் கொடுத்துப் பார்த்தபோது ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்திருந்தார்கள், அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடுமையான அலர்ஜியைக் கொண்டுவந்தது. புரோபோஃபாலைக் கண்டுபிடித்த ஜான் கிளென் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவும் மருந்தைக் கைவிடவில்லை. சோயா எண்ணெயும் முட்டை மஞ்சள்கருவிலிருந்து எடுக்கும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் சேர்த்துப் பால் போன்ற கலவையாக மாற்றி, 1986-இல் பிரிட்டனில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். முட்டை அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆகாது என்ற பேச்சு இதிலிருந்து வந்ததுதான். முட்டை அலர்ஜி பெரும்பாலும் வெள்ளைக்கருவின் புரதத்தால் வருவது, அதனால் அவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம் என்பதே இன்றைய நிலைப்பாடு. இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், எண்ணெய்க் கலவையில் கிருமி நன்றாக வளரும். 1990-களில் அமெரிக்காவில் சில மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்தவர்களுக்குத் திடீர் திடீரென்று ரத்தத்தில் கிருமித்தொற்று வந்தது. தேடிப் பார்த்தபோது, இந்த மருந்தைச் சுத்தமில்லாமல் கையாண்டதுதான் காரணம் என்று தெரிந்தது. சிரிஞ்சில் எடுத்து வைத்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும், ஒருவருக்குத் திறந்த குப்பியை அடுத்தவருக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. விலையை நினைத்து இதில் விட்டுக்கொடுப்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

(திரையில்: மானிட்டரில் மூச்சு அலை மெல்லத் தட்டையாகிறது)

சரி, உண்மையான ஆபத்துக்கு வருவோம். தூக்கம் கொடுக்கும் அதே அளவு மருந்து மூச்சையும் கொஞ்ச நேரம் நிறுத்திவிடக் கூடும், பிபி-யையும் இறக்கும். அபூர்வமாக யாருக்கோ நடப்பதில்லை இது, அடிக்கடி நடக்கும், எதிர்பார்த்துத்தான் மருந்தே கொடுக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே நின்று முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்து, தேவைப்பட்டால் பையை அழுத்தி உங்களுக்காக மூச்சு விடுகிறார். புரோபோஃபாலை முறிக்கும் மருந்து எதுவும் கிடையாது. மருந்தின் வேகம் குறையும்வரை ஒரு மனிதர்தான் காப்பாற்ற வேண்டும்.

அந்த மனிதர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்தது. 2009 ஜூன் 25, லாஸ் ஏஞ்சலிஸ். மைக்கேல் ஜாக்சனுக்குத் தூக்கம் வரவில்லை என்று வீட்டுப் படுக்கையறையில் புரோபோஃபால் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் ஓர் இதய மருத்துவர், மயக்கவியல் படித்தவர் அல்ல. தேவையான கண்காணிப்புக் கருவிகள் அங்கே இல்லை, அவரும் பக்கத்தை விட்டுப் போயிருந்தார். கூடவே வேறு தூக்க மருந்துகளும் உடம்பில் இருந்தன. 2011-இல் நீதிமன்றம் அந்த டாக்டரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அதே மருந்து தினமும் எத்தனையோ தியேட்டர்களில் நல்லபடியாக வேலை செய்கிறது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால் போதுமா என்று கேட்பார்கள். போதாது. மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அது 98, 99 என்றே காட்டும். வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் என்ற கருவியில் அலை உடனே நின்றுவிடும். எண்டோஸ்கோப்பி, பல் சிகிச்சை மாதிரி "சின்ன விஷயம்தானே" என்று மயக்கம் கொடுக்கும் இடங்களிலும் இது இருக்க வேண்டும்.

வயதானவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் மருந்து மூளைக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். இன்னும் தூங்கவில்லையே என்று அவசரப்பட்டு இன்னொரு டோஸ் போட்டால், இரண்டும் சேர்ந்து பிபி-யைக் கீழே தள்ளிவிடும். பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பவர்தான் நல்ல டாக்டர்.

அப்புறம் மற்ற மயக்க மருந்துகள். கெட்டமைன் மூச்சைப் பெரும்பாலும் நிறுத்தாது, பிபி-யைத் தூக்கிப் பிடிக்கும், அதனால் விபத்தில் ரத்தம் இழந்து வருபவர்களுக்கும் வசதி குறைந்த இடங்களுக்கும் பெரிய துணை. விழிக்கும்போது பயங்கரமான கனவு, மிதப்பது போன்ற உணர்வு, குழப்பம் வரலாம். உங்கள் வீட்டுப் பெரியவர் விழித்ததும் சம்பந்தமில்லாமல் பேசினால் பதற வேண்டாம், அமைதியாகப் பக்கத்தில் உட்காருங்கள், நர்ஸிடம் சொல்லுங்கள். எட்டோமிடேட் இதயத்துக்கு இதமான மருந்து, ஆனால் அட்ரினல் சுரப்பியை அடக்கிவிடும். ஐசியூவில் நாள்கணக்கில் ஓடவிட்ட நோயாளிகளில் இறப்பு கூடியதை 1983-இல் கவனித்த பிறகு அந்தப் பழக்கம் நின்றது. தூக்கம் வரவைக்கும் மிடாசோலமை முறிக்க ஃப்ளூமசெனில் என்ற மருந்து உண்டு, ஆனால் அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், நோயாளி மறுபடி மயங்கலாம்.

அலர்ஜி? பிரிட்டனில் 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், மயக்க மருந்து கொடுத்த ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்குத்தான் உயிருக்கு ஆபத்தான அலர்ஜி வந்திருந்தது, அதிலும் முதல் காரணம் ஆன்டிபயாடிக்.

(திரையில்: துணிக்கு வெளியே நீட்டி வைத்த கை)

முழுக்க முழுக்க ஊசி மருந்தாலேயே மயக்கம் கொடுக்கும்போது ஒரு விஷயம். வென்ஃப்ளான் சிரையை விட்டு நழுவினால் மருந்து தோலுக்கடியில் தேங்கிவிடும், மூளைக்குப் போகாது. தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்திருந்தால் நோயாளி விழித்துக்கொண்டாலும் கையை அசைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் அந்தக் கையைத் துணியால் மூடாமல் கண்ணுக்குத் தெரிய வைக்கிறார்கள், நெற்றியில் மூளை அலை பார்க்கும் பட்டை ஒட்டுகிறார்கள். எரிகிறது, வீங்கியிருக்கிறது என்று தோன்றினால் மயங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது உண்மையைச் சொல்வது. திட உணவு 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். பால் கலந்த டீ தண்ணீர்க் கணக்கில் வராது. பசிக்குது என்று குழந்தைக்கு யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் கொடுக்கும் பாட்டி, அன்பால்தான் கொடுக்கிறார். ஆனால் மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் பெரிய ஆபத்து. கொடுத்துவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், ஆபரேஷனைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். பலமான குறட்டை, குடிப்பழக்கம், ஆடும் பல், தூக்க மாத்திரை, சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ வாராவாரம் போடும் செமாகுளுடைட் ஊசி, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். குடிப்பதை மனைவி முன்னால் சொல்ல முடியாது என்றால் டாக்டரிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.

அப்படியே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: "மயக்கம் கொடுப்பது யார், முடியும்வரை அவர் கூடவே இருப்பாரா?"

அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினால், கண் விழித்துவிட்டதால் மருந்து முழுவதும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூளையிலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் நகர்ந்திருக்கிறது, மெதுவாகத்தான் வெளியேறும். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, குடிக்கக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. அன்று ராத்திரி வீட்டில் கூட ஒருவர் இருக்கட்டும், எழுப்பினால் எழுந்திருக்கிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா என்று அவர் அவ்வப்போது பார்த்துக்கொள்ளட்டும்.