பர்மிஷன் டினைடு வந்தால் உடனே 777 போடாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புது உபுண்டு லினக்ஸ் கணினியில் மாட்டுகிறோம். போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் 'பர்மிஷன் டினைடு'. நம் படம், நம் டிஸ்க், நமக்கே அனுமதி இல்லையாம்! இணையத்தில் தேடினால் சட்டென்று கிடைக்கும் வைத்தியம் சிஎச்மாட் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் கட்டளை. சாவி தொலைந்ததற்குக் கதவையே கழற்றி வைக்கிற வேலை அது.

கட்டளை அடிக்கும் டெர்மினலில், ஃபைல்களை அனுமதிகளோடு பட்டியலிடும் எல்எஸ் மைனஸ் எல் அடிக்கிறேன். இடது ஓரத்தைப் பாருங்கள். முதல் எழுத்து ஃபைலா ஃபோல்டரா என்பதைச் சொல்கிறது. அடுத்த ஒன்பதும் மூன்று மூன்றாக உரிமையாளர், குழு, மற்றவர்கள். படிக்க ஆர், எழுத டபிள்யூ, இயக்க எக்ஸ். அவற்றுக்கு மதிப்பு 4, 2, 1, கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்ற எல்லோரும் படிக்க மட்டும்.

ஃபோல்டருக்கு வந்தால் கதை மாறும். அங்கே ஆர் இருந்தால் உள்ளே இருக்கும் பெயர்களைப் பார்க்கலாம், எக்ஸ் இருந்தால்தான் உள்ளே போக முடியும். இன்னொன்று, ஒரு ஃபைலை அழிக்கலாமா என்பதை அந்த ஃபைல் தீர்மானிப்பதில்லை, அது இருக்கும் ஃபோல்டர்தான் தீர்மானிக்கிறது. இதோ, இந்த ஃபைலுக்கு 444, யாரும் எழுத முடியாது. அழிக்கும் கட்டளையான ஆர்எம் கொடுக்கிறேன். ஒரு தடவை கேட்டது, 'ஒய்' அடித்தேன், போயே போய்விட்டது.

சரி, நம் டிஸ்க்குக்கு வருவோம். உரிமையாளர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, 1001 என்று எண் நிற்கிறது. டிஸ்க்கில் பதிவாவது எண் மட்டும்தான். உபுண்டுவில் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. பழைய கணினியில் நீங்கள் இரண்டாவது ஆள், இங்கே முதல் ஆள். அவ்வளவுதான் வியாதி! மருந்து சிஎச்மாட் அல்ல, உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன். நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவுடன், உள்ளே இருப்பவற்றையும் மாற்றும் மைனஸ் கேபிடல் ஆர் சேர்த்து, உங்கள் பெயரும் அந்த ஃபோல்டரின் பாதையும். பாதையை இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

ஏற்கெனவே உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுக்க 777 போட்டுவிட்டீர்களா? அப்படியானால் வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உங்கள் தனிச் சாவி ஃபைலை ஏற்காது. ஊரே படிக்கக்கூடிய சாவி அதற்கு வேண்டாம். ஃபைண்ட் கட்டளையில் டைப் டி கொடுத்து ஃபோல்டர்களுக்கு 755, டைப் எஃப் கொடுத்து ஃபைல்களுக்கு 644 போடுங்கள். எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, தனிச் சாவிக்கு 600. ஹோம் ஃபோல்டருக்கு 750 போதும், உபுண்டு 21.04 முதல் அதுதான் வழக்கம். நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட்டுகளுக்கு மட்டும் எக்ஸைக் கையால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கணினியின் புரோகிராம்கள் இருக்கும் யூஎஸ்ஆர் ஃபோல்டரிலேயே முழுக்க 777 போட்டிருந்தால் வேறு விஷயம். சூடோவை நிர்வாகியாக ஓட வைக்கும் செட்யூஐடி பிட் போய்விடும், சரிசெய்ய உதவும் சூடோவே ஓடாது. ரெக்கவரி மோடில் பூட் செய்து சூடோவுக்கு 4755 கொடுக்கலாம், முன்னால் நிற்கும் 4தான் அந்த பிட். ஆனால் மற்ற ஃபைல்களை ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட, பேக்கப் எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் என் கட்சி.

அப்புறம், பென்டிரைவில் சிஎச்மாட் போட்டும் எதுவும் மாறவில்லையா? அது எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருக்கும். அவற்றில் இந்த அனுமதிகளைப் பதிய இடமே கிடையாது. மவுன்ட் செய்யும்போது, அதாவது டிரைவைக் கணினியோடு இணைக்கும்போது கொடுக்கும் அனுமதிதான் கணக்கு.