சந்தேகங்களுக்கு விளக்கம்: அண்ணனின் சம்பளம் கூடியிருக்கிறது, முகம் ஏன் வாடியிருக்கிறது?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாட்களாக என்னை விடவில்லை. காலி வீதியில் பஸ்ஸில் போகும்போதும் அதுதான், இரவு படுத்தாலும் அதுதான். ஆகவே இன்று அது ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் இருக்கும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். சுருக்கி வாசிக்கிறேன்.

“ஐயா, என் அண்ணன் மொறட்டுவையில் படித்தவர். ஒன்பது வருடங்களாக வெளிநாட்டில் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை செய்கிறார். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தால் அந்த நிறுவனத்தைப் பற்றியேதான் கதைப்பார். இப்போது கேட்டால், நான் சேர்ந்த நிறுவனம் இதுவல்ல என்கிறார். வேலை போகவில்லை. சம்பளமும் கூடித்தான் இருக்கிறது. இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படத் தெரியாத பிள்ளை என்று அம்மா கவலைப்படுகிறார். அண்ணன் நன்றி கெட்டவரா?”

இல்லை, தங்கச்சி. முதலில் அதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

அண்ணன் எந்த நிறுவனம் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. ஊரறிந்த கூகிளை வைத்துப் பேசுகிறேன். நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயருக்கும் பழைய உறவு உண்டு. மாணவர்கள் கோடை விடுமுறையில் திறந்த மூல மென்பொருள், அதாவது யாரும் எடுத்துப் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள், எழுதும் திட்டம் ஒன்றை 2005இல் கூகிள் தொடங்கியது. அதில் சேர்ந்த மாணவர்களின் எண்ணிக்கையில் உலகப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் முன்னால் பல ஆண்டுகள் நின்றது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். கட்டுபெத்தையில் அறை எடுத்து, இரவு முழுக்க விழித்திருந்து எழுதிய பிள்ளைகள் அவர்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு ஒரு சம்பளக் கணக்காக அறிமுகமாகவில்லை.

அந்த நிறுவனமும் தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தியது. 2004இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, தாங்கள் வழமையான நிறுவனம் அல்ல, அப்படி ஆகும் எண்ணமும் இல்லை என்று அதன் நிறுவுனர்கள் கடிதம் எழுதினார்கள். தீமை செய்யாதிருப்போம் என்பதும் அதில் இருந்தது. இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒன்று இதை வாசித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தால், அதை வாக்குறுதியாகத்தான் எடுத்துக்கொள்ளும். வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்?

இந்த இடத்தில், தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். ஒரு நிறுவனம் எந்தத் திசையில் போகிறது என்று அறிய வேண்டுமானால், அது எதை மூடுகிறது என்று பாருங்கள். திறப்பு விழாவுக்கு எல்லோரும் வருவார்கள். மூடும்போது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் சத்தம் கேட்கும்.

போன பேச்சில் பலூன் கதை சொன்னேன். இலங்கை முழுவதற்கும் வானத்திலிருந்து இணையம் தருவதாக 2015இல் அரசாங்கத்தோடு கூகிள் ஒப்பந்தம் செய்ததும், 2016 பெப்ரவரியில் சோதனைக்கு வந்த பலூன் கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இறங்கிக் கிடந்ததும் நினைவிருக்கும். இங்கே அலைவரிசைச் சிக்கலில் அந்தத் திட்டம் நின்றுபோனது. 2021 ஜனவரியில், அந்தப் பலூன்களை நடத்திய லூன் நிறுவனத்தையே மூடுவதாக அறிவித்தார்கள். வியாபாரமாக நிலைக்க வைக்க முடியவில்லை என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நட்டம் வந்தால் மூடத்தான் வேண்டும். உங்கள் அண்ணனைப் போன்றவர்கள் அதற்காக மனம் உடைவதில்லை.

அவர்களை உடைப்பது வேறு. கூகிளில் முன்பு வாரந்தோறும் ஒரு கூட்டம் நடக்கும். பெரியவர், சிறியவர் பார்க்காமல் எந்தப் பணியாளரும் எழுந்து நிறுவனத் தலைவர்களிடம் எதையும் கேட்கலாம். ஏன் இதைச் செய்கிறோம் என்று நேரே கேட்கலாம். 2019 நவம்பரில் அந்த வாராந்தக் கூட்டம் மாதத்துக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது, பேச்சும் வியாபாரத்தோடு சுருக்கப்பட்டது. பேசியவை வெளியே கசிகின்றன, முன்போல ஆட்கள் பார்ப்பதும் இல்லை என்று சுந்தர் பிச்சை காரணம் சொன்னார். இருக்கலாம். ஒரு இலட்சத்தைத் தாண்டிய ஆட்களை ஒரே கூடத்தில் வைத்துப் பேச முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சுருக்கப்பட்டது எது என்று பாருங்கள். பணியாளர் கேள்வி கேட்ட இடம்.

என் மாமா புறக்கோட்டைப் பிரதான வீதியில் ஒரு துணிக்கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். முன்பும் சொல்லியிருக்கிறேன், இன்றைக்கு அவர் எழுதிவைத்த ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்கிறேன். இரவு கடை சாத்தியதும், கல்லாப்பெட்டியை எண்ணி முடித்துவிட்டு, முதலாளி எல்லோரையும் துணிப் பொதிகளின் மேல் உட்கார வைப்பார். பிளேன்டீ வரும். அவர் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்: “இன்றைக்கு எதைக் கேட்டு, இல்லை என்று போனார்கள்?” மாமா அதை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிவைப்பார். ஹட்டன் ஆள், தடித்த கம்பளி, இரண்டு. மருதானை அம்மா, வெள்ளைப் பொப்ளின், ஐந்து யார். அடுத்த வாரம் அந்தச் சாமான் கடைக்கு வந்துவிடும். மாமா அதைத் தான் கொண்டுவந்த சாமான் என்றே சொல்லுவார். பிறகு மகன் பொறுப்பெடுத்தார். நல்ல பிள்ளை, சம்பளத்தைக் கூட்டினார், மின்விசிறி போட்டார். பிளேன்டீ மட்டும் நின்றுவிட்டது. எதை வாங்குவது என்பதை அவர் அறைக்குள்ளேயே முடிவு செய்தார். மாமா ஆறு மாதம் கொப்பியை எழுதிக்கொண்டே இருந்தார், யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் அதை வீட்டுக்கு எடுத்து வந்து அலுமாரிக்கு மேல் வைத்தார். அன்று மாமியும், “சம்பளம் கூடித்தானே இருக்கிறது?” என்றுதான் கேட்டார்.

அம்மா கேட்பதும் அதேதான்.

கேட்க இடம் இருந்தபோது என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்காக, ஆளில்லா விமானங்கள் எடுக்கும் காணொளியைக் கணினி கொண்டு ஆராயும் மேவன் என்ற வேலையைக் கூகிள் எடுத்திருந்தது. 2018இல் மூவாயிரத்துக்கும் அதிகமான பணியாளர்கள் கையெழுத்திட்டு, போர்த் தொழிலில் நாம் இருக்கக் கூடாது என்று எழுதினார்கள். ஜூன் மாதம், அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று நிறுவனம் இறங்கி வந்தது. ஆயுதங்களுக்காகச் செயற்கை நுண்ணறிவைச் செய்யமாட்டோம் என்று கொள்கையாகவும் எழுதி வெளியிட்டது. போரின் நடுவில் வளர்ந்த நம் பிள்ளைகளில் அங்கே வேலை செய்தவர்கள் அதை எப்படி வாசித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கிளிநொச்சியின் மேலே விமானச் சத்தம் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அது வெறும் கொள்கைப் பத்திரம் அல்ல. 2025 பெப்ரவரியில் ஆயுதங்களைப் பற்றிய அந்த வாக்கியம் கொள்கையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. எனக்கு அன்று மனம் கனத்தது, மறைக்க விரும்பவில்லை.

பிடிக்காவிட்டால் விலகலாமே என்பார்கள். 2023 ஜனவரியில் கூகிள் 12,000 பேரை நிறுத்தியபோது பலருக்கு அது மின்னஞ்சலில்தான் தெரியவந்தது. அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட வேண்டும். கடன் வாங்கி அனுப்பிய குடும்பமும் இங்கே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியிடம் ஒரு வரி சொல்வார். உங்கள் அண்ணன் உங்களிடம் சொன்னது அந்த ஒரு வரிதான்.

தங்கச்சி, நீங்கள் நன்றியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் அங்கே என்னதான் செய்கிறார் என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஏனென்றால் அது நம் எவருக்கும் தெரிவதில்லை. பம்பலப்பிட்டியில் கல்யாண வீட்டுக்குப் போனால், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையைச் சுற்றி நின்று என்ன விசா, என்ன சம்பளம், வீடு வாங்கியாயிற்றா என்று கேட்கிறோம். தம்பி, நீ என்ன செய்கிறாய், அதை யார் பாவிக்கிறார்கள் என்று கேட்ட ஒரு மாமாவை நான் இன்னும் பார்க்கவில்லை. நானும் கேட்டதில்லை, போன மாதம் வரைக்கும். கேட்டபோது அந்தப் பையன் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, கடுதாசிக் கைக்குட்டையில் படம் வரைந்து முக்கால் மணி நேரம் விளக்கினான். எனக்குப் பாதிதான் புரிந்தது. அவன் முகம் மட்டும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

அண்ணனுக்கும் அப்படி ஒரு கொப்பி இருக்கும். ஒன்பது வருடத்தில் எத்தனையோ செய்திருப்பார், சிலவற்றை நிறுவனம் மூடியும் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை சம்பளத்தையும் விசாவையும் விட்டுவிட்டு, சேர்ந்த முதல் வருடத்தில் என்ன செய்தீர்கள் அண்ணா என்று கேளுங்கள். அம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். சொன்னால், எனக்கும் எழுதி அனுப்புங்கள்.