பீமில் 1114, தூணில் பூஜ்ஜியம்: ஈடாப்ஸில் வெப்பச் சுமை

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. பாலக்காடு சித்தூர் பக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, ஈடாப்ஸ் என்ற கட்டட அனாலிசிஸ் சாஃப்ட்வேரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "சார், 70 மீட்டர் நீளக் கட்டடம். நடுவில் விரிய இடம் கொடுக்கும் ஜாயின்ட் விட ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. எம்25 கான்கிரீட், 300க்கு 600 மில்லிமீட்டர் பீம். ஈடாப்ஸில் பீமுக்கெல்லாம் 25 டிகிரி கூட்டிக் கொடுத்தேன். பீமில் 1114 கிலோநியூட்டன் அழுத்தம் வருகிறது, தூணில் மொமென்ட்டே (வளைக்கும் விளைவே) இல்லை. ஆல்ஃபா மதிப்பை மாற்ற வேண்டுமா?"

வேண்டாம் தம்பி. கால்குலேட்டரை எடுங்கள். எம்25-க்கு ஈ மதிப்பு, அதாவது விறைப்பு, 25,000 மெகாபாஸ்கல். ஈடாப்ஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் ஆல்ஃபா, அதாவது ஒரு டிகிரி சூட்டுக்கு நீளும் பங்கு, 0.0000099. இரண்டையும் 25 டிகிரியால் பெருக்கினால் 6.19 மெகாபாஸ்கல். பீமின் பரப்பு 1,80,000 சதுர மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், அதே 1114. இரண்டு முனையையும் அசையவிடாமல் பூட்டிய பீமுக்கு வரவேண்டிய விடை இது. சாஃப்ட்வேர் சரியாகத்தான் சொல்கிறது. பூட்டியது நீங்கள்தான்: ரிஜிட் டயஃப்ரம். காற்றுக்கும் பூகம்பத்துக்கும் போட்ட அந்த ஆப்ஷன், ஒரு தளத்தில் உள்ள எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே தூரம் மாறக்கூடாது என்கிறது. அப்புறம் பீம் எப்படி நீளும்? தூண் எப்படி வளையும்?

நம் பழைய நேயர்களுக்கு இது மனப்பாடம் ஆகியிருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: நீளுவதால் ஸ்ட்ரெஸ் வருவதில்லை, நீளவிடாததால் வருகிறது. காலியான பஸ்ஸில் காலை நீட்டினால் யாருக்கும் வலியில்லை. திருவிழா நாளில் கோவை பஸ்ஸில் நீட்டிப் பாருங்கள்.

ஆகவே டெம்பரேச்சர் கேஸுக்கு மட்டும் ஒரு தனி மாடல் வையுங்கள். டயஃப்ரத்தை செமி ரிஜிட் ஆக்குங்கள், அப்போதுதான் தளம் நீள முடியும். ஸ்லாபுக்கும் அதே 25 டிகிரி கொடுங்கள். பீமை மட்டும் சூடாக்கினால் குளிர்ந்த ஸ்லாப் அதைப் பிடித்துக்கொள்ளும். இப்போது கட்டடம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரியும். கடைசித் தூணின் தலை 35 மீட்டருக்கு சுமார் 8.7 மில்லிமீட்டர் நகரும். அஸ்திவாரம் நகராது. அதனால் அடி வாங்குவது தரைத்தளத்தின் கோடித் தூண்கள்தான். மேல் தளங்கள் எல்லாம் சேர்ந்தே நகர்வதால் அங்கே பெரிதாக ஒன்றும் தெரியாது. 3.5 மீட்டர் உயரத்தில் 300க்கு 600 தூண், 600 பக்கம் நீளவாக்கில் இருந்தால், இரு முனையும் திரும்பாது என்று வைத்துக்கொண்டால், மொமென்ட் 570 கிலோநியூட்டன் மீட்டருக்கு மேல். அதே தூணைத் திருப்பி வைத்தால் அதில் கால் பங்கு. ஆல்ஃபாவில் கை வைப்பதைவிட இதில் எவ்வளவு லாபம் பாருங்கள்.

ஆல்ஃபாவும் ஜல்லியைப் பொறுத்து மாறும்தான். ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூலில் கிரானைட்டுக்கு 0.000007 முதல் 0.0000095 வரை, குவார்ட்சைட்டுக்கு 0.000012-க்கும் மேல் என்று போட்டிருக்கிறது. யூனிட்டை மட்டும் பாருங்கள்: ஸ்டீலுக்கு 0.0000065 என்று எங்காவது கண்டால் அது பாரன்ஹீட்டுக்கு. செல்சியஸுக்கு 0.000012.

பூட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. கஞ்சிக்கோட்டில் ஒரு ஷெட். மாடலில் ஒரு முனை நகரவிடும் ரோலர், டிராயிங்கில் போல்ட் நகர நீள ஓட்டை, எல்லாம் சுத்தம். சைட்டில் போய்ப் பார்த்தால் வாஷரைச் சுற்றி வெல்டிங் அடித்து வைத்திருக்கிறார்கள். கேட்டால், "ஆடுது சார், அதான் ஸ்ட்ராங் பண்ணிட்டோம்." ஆடத்தானே அந்த ஓட்டை! மார்ச் மாதம் பாலக்காட்டு வெயிலில் அந்தத் தகடு தொடமுடியாத சூட்டில் இருந்தது.

சரி, தம்பி கேட்காத கேள்விக்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். கட்டடத்தைச் சூடாக்கிப் பார்த்தீர்கள், குளிரவைத்துப் பார்த்தீர்களா? கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, எம்25 வளையும்போது 3.5 மெகாபாஸ்கலில் விரிசல், நேராக இழுத்தால் அதற்கும் முன்பே. போதாததற்கு ஷ்ரிங்கேஜ், அதாவது கான்கிரீட் காய்ந்து சுருங்குவது, இருக்கிறது. ஐ.எஸ். 456 சொல்லும் 0.0003-ஐ ஆல்ஃபாவால் வகுத்தால் 30 டிகிரி. வெயிலே படாவிட்டாலும் உங்கள் கட்டடம் 30 டிகிரி குளிர்ந்ததுபோல் சுருங்கப் பார்க்கும். வெயில் உச்சியில் வார்த்த ஸ்லாப் என்றால் டிசம்பர் விடியற்காலையில் இன்னும் 15 டிகிரியாவது சேரும். கிரீப், அதாவது நீடித்த சுமையில் கான்கிரீட் மெல்ல இணங்கிக்கொடுப்பது, இதில் பாதிக்கு மேல்கூடத் தணிக்கும், ஆனால் நீங்கள் ஓட்டிய சாதாரண லீனியர் அனாலிசிஸுக்கு அது தெரியாது. ஓனர் ஜாயின்ட் வேண்டாம் என்றால் நடுவில் ஒரு பட்டையைக் கான்கிரீட் போடாமல் விட்டுவைத்து, இரண்டு மாதம் கழித்து வார்த்துவிடுங்கள். ஷ்ரிங்கேஜில் நல்ல பகுதி அதற்குள் முடிந்திருக்கும்.

குளிரவைக்கும் மைனஸ் கேஸை ஓட்டி, கோடித் தூணின் மொமென்ட்டை அனுப்புங்கள். அடுத்த வாரம் அந்த எண்ணை வைத்தே பேசுவோம்.